74 விரிவுரை கேட்டும் ஏன் எதுவும் மனதில் தங்கவில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இது: தினமும் வேலைக்குப் போகவர ஒரு மணி நேரம் இயர்போனில் விரிவுரை கேட்கிறீர்கள். மூன்று மாதத்தில் கிரேக்க வரலாறு 24, அரசியல் தத்துவம் 24, இலக்கியக் கோட்பாடு 26 என மொத்தம் 74 உரைகளை முடித்துவிட்டீர்கள். ஆனால் பிளேட்டோ என்னதான் சொல்கிறார் என்று ஒருவர் கேட்டதும் ‘குகை’ என்ற சொல்லைத் தாண்டி வாயில் எதுவும் வரவில்லை. அதனால் இதைவிட நல்ல தொடர் எது என்று கேட்கிறீர்கள். தொடரை மாற்றினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. வரலாறு, தத்துவம், இலக்கியம் போன்றவற்றைக் காதால் படிக்க முடியுமா, முடிந்தால் எதுவரை என்பதுதான் உங்கள் உண்மையான சந்தேகம். அதற்குப் பதில் சொல்கிறேன். எந்தத் தொடர் என்பது போகிற போக்கில் வந்துவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. விரிவுரையாளர் நிமிடத்துக்குச் சுமாராக 130 முதல் 150 சொற்கள் பேசுவார். 50 நிமிட உரை என்றால் ஏறக்குறைய 7,000 சொற்கள். இப்படி 24 உரைகள் சேர்ந்தால் ஒன்றரை லட்சம் சொற்களைத் தாண்டும், அதாவது 400, 500 பக்கத்துக்கு ஒரு தடித்த புத்தகம். நீங்கள் மூன்று மாதத்தில் அப்படி மூன்று புத்தகங்களை, ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், ஒரு வரிக்குக்கூட அடிக்கோடு போடாமல், நெரிசலில் நின்றுகொண்டே படித்திருக்கிறீர்கள். தங்கவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை. புத்தகம் படிக்கும்போது புரியாத இடத்தில் கண் தானாகப் பின்னால் போய்வரும், நமக்கே தெரியாது. காதுக்கு அந்த வசதி கிடையாது. அதை ஈடுகட்டத்தான் நல்ல விரிவுரையாளர்கள் சொன்னதையே வேறு வார்த்தையில் இரண்டு மூன்று தடவை சொல்கிறார்கள். ஆகவே காது வழியாக ஒரு துறையின் உருவரை நன்றாகவே கிடைக்கும். எது முன், எது பின், எதைப் பற்றிச் சண்டை, எந்த இடத்தில் அறிஞரின் குரல் தயங்குகிறது என்பதெல்லாம் வந்துவிடும். அந்தத் தயக்கத்தை அச்சில் பார்க்கவே முடியாது என்பதால் அது பெரிய லாபம். ஆனால் வாதத்தின் படிகளும் மேற்கோளின் சொற்களும் ஆண்டுகளும் காதில் நிற்காது.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்பக் கேட்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நிலைக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு பத்திகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவு மறுபடி படித்தது, இன்னொரு பிரிவு பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. நினைவுகூர்ந்தவர்களுக்குச் சுமார் 56 சதவீதம் தங்கியிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. ஆனால் அது அச்சிட்ட சிறு பத்தி, ஒரு மணி நேர உரை அல்ல. எண்ணை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது, திசையை எடுத்துக்கொள்ளலாம். வேகமாக ஓட்டிக் கேட்பது பற்றி இவ்வளவு தெளிவு இல்லை. 2021-ல் யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாணவர்களிடம் நடந்த ஆய்வில், இரண்டு மடங்கு வேகம் வரை கேட்டவர்களின் மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை, அதற்கு மேல் போனால் குறைந்தது. அவர்கள் பார்த்தது காணொளி, அதுவும் வேறு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து. நடந்துகொண்டே ஆடியோ மட்டும் கேட்பவருக்கு அதே சலுகை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. என் கணிப்பில், கதைபோல் ஓடும் வரலாற்றுக்கு 1.25 தாராளம். தத்துவ வாதத்துக்கு 1.0-க்கு மேல் போவது வீண். உரை உங்கள் தாய்மொழியில் இல்லையென்றால் முதல் இரண்டு உரைகளை எழுத்து வடிவத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒருவருடைய உச்சரிப்பும் வாக்கியம் முடிக்கும் விதமும் பழகிவிட்டால் பிறகு காகிதம் தேவைப்படாது.

இனி வேலை. வாரத்துக்கு மூன்று உரை போதும், தினம் ஒன்று வேண்டாம். கேட்கும் முன் ஐந்து நிமிடம் அந்த உரையின் எழுத்து வடிவத்தையோ பாடத்திட்டக் குறிப்பையோ மேலோட்டமாகப் பார்த்து, வரப்போகும் ஆள்பெயர், இடப்பெயர் ஏழெட்டை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இது அற்பமாகத் தெரியும், ஆனால் ஆரம்பத்தில் பாதிக் கவனம் சிதறுவது பெயர்களால்தான். ‘டேகார்ட்’ என்று காதில் விழும் தத்துவவாதியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு எஸ், கடைசியில் ஒரு எஸ், இரண்டுக்கும் ஒலி கிடையாது. காதில் விழுந்ததை வைத்துத் தேடினால் ஆளே அகப்படமாட்டார். கிரேக்க வரலாற்றில் கொரிந்த் ஒரு ஊர், கோர்சைரா இன்னொரு ஊர். இரண்டுக்கும் இடையே நடந்த சண்டைதான், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலப்பனீசியப் போருக்கு ஒரு முக்கியத் தூண்டுதல். இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிட்டால் அடுத்த இரண்டு உரைகளும் குழம்பும். பெயரை ஒருமுறை எழுத்தில் பார்த்துவிட்டால் காது அதைப் பிடித்துக்கொள்ளும். வரலாறு என்றால் கூடவே ஒரு வரைபடத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

கேட்கும்போது குறிப்பெடுக்க முடியாத இடத்தில் விரல் இருக்கிறது. ‘இதற்கு மூன்று காரணங்கள்’ என்று உரையாளர் சொன்ன உடனே ஒவ்வொன்றாக விரலை மடக்குங்கள். மூன்றாவது விரல் மடங்காமலே உரை வேறு பேச்சுக்குப் போய்விட்டால் எங்கே தவறவிட்டீர்கள் என்று அந்த நிமிடமே தெரியும். கவனம் அரை நிமிடம் ஓடிப்போனால் பின்னால் தள்ளிக் கேட்க வேண்டாம், சொன்னதை அவரே மறுபடி சொல்வார். ஒரே உரையில் நாலைந்து தடவை பின்னால் தள்ள வேண்டி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அந்த நேரம் அதற்கு உகந்தது இல்லை. நடப்பது, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது எல்லாம் விரிவுரையோடு ஒத்துப்போகும். மின்னஞ்சல் எழுதுவது, செய்தி படிப்பது, இன்னொருவரோடு அரட்டை அடிப்பது ஒத்துப்போகாது, ஏனென்றால் அவையும் மொழியைக் கேட்கின்றன. நெரிசலில் வண்டி ஓட்டும்போது உரை தங்காது என்பது இருக்கட்டும், ஆபத்தும்கூட. தூங்கப்போகும்போது கேட்பது தூக்கத்துக்கு நல்லது, படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உரை முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாதபடி அமைப்பை மாற்றிவையுங்கள். என் பார்வையில் இந்த ஒரு பொத்தான்தான் உங்கள் 74 உரைகளையும் விழுங்கியது. பிறகு ஐந்து நிமிடம், கைபேசியின் குரல் பதிவிலோ தாளிலோ ஐந்து வாக்கியம்: இன்றைய கேள்வி என்ன, உரையாளர் சொன்ன பதில் என்ன, அதற்கு அவர் காட்டிய வலுவான காரணம் எது, ஓர் உதாரணம், எனக்கு ஒட்டாத ஓர் இடம். ஐந்தாவது வாக்கியம் வராவிட்டால் பெரும்பாலும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த உரையைத் தொடங்கும் முன் பழைய ஐந்தையும் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். வாரக் கடைசியில் மூன்று உரைக்கும் சேர்த்து ஒரு பக்கம் எழுதுங்கள்.

இதோடு வாரம் இரண்டு மணி நேரம் மூலநூல் படிக்க வேண்டும், இதைத் தவிர்க்க வழியே இல்லை. வகுப்பறையில் பதிவான உரைகள் எல்லாமே மாணவர் அந்த வாரத்துக்கான பகுதியைப் படித்துவிட்டு வந்திருப்பார் என்று நம்பிப் பேசப்படுபவை. படிக்காமல் கேட்பது, பார்க்காத ஆட்டத்துக்கு விமர்சனம் கேட்பது மாதிரி. நல்லவேளையாக, மொழிபெயர்ப்பு எதுவாக இருந்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வசதி இருக்கிறது. பிளேட்டோ பற்றிய உரைகளில் 514, 520 என்று எண்கள் சொல்வார்கள். அது உங்கள் கையிலிருக்கும் புத்தகத்தின் பக்க எண் அல்ல, 1578-ல் ஹென்றி எஸ்டியென் அச்சிட்ட பதிப்பின் பக்கம். இன்றுவரை நல்ல பதிப்புகள் எல்லாம் ஓரத்தில் அதே எண்ணைப் போடுகின்றன. அரிஸ்டாட்டிலுக்கு 1831-ல் வெளிவரத் தொடங்கிய பெக்கர் பதிப்பின் எண். ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டின் முதல் விமர்சன நூலுக்கு (‘தூய அறிவின் விமர்சனம்’) ஏ என்றால் 1781-ன் முதல் பதிப்பு, பி என்றால் 1787-ன் இரண்டாம் பதிப்பு. உரையில் எண் காதில் விழுந்த உடனே அதைக் குறித்துக்கொண்டால், வீட்டுக்கு வந்து பத்து வினாடியில் அந்த இடத்தைத் திறந்துவிடலாம்.

குகையையே எடுத்துக்கொள்வோம். ‘குடியரசு’ நூலின் 7-ம் பகுதி, 514 முதல் 520 வரை. நிதானமாகப் படித்தாலும் அரை மணி நேரம் ஆகாது. காதால் கேட்டவருக்கு மிஞ்சுவது, கட்டிப்போட்டவர்கள் சுவரில் நிழலைப் பார்த்து நிஜம் என்று நம்புகிறார்கள், ஒருவன் வெளியே வந்து சூரியனைப் பார்க்கிறான் என்ற படம் மட்டும்தான். மூலத்தில் அவன் தானாக எழுந்து நடப்பதில்லை. கரடுமுரடான செங்குத்துப் பாதையில் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போகிறார்கள், கண் கூசுகிறது, எரிச்சல்படுகிறான். திரும்பி உள்ளே வந்தால் இருட்டில் கண் தெரியாமல் தடுமாறுகிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். தங்களை அவிழ்த்துவிட வருபவன் கையில் கிடைத்தால் கொன்றேவிடுவார்கள் என்கிறது 517. பிறகு 519, 520-ல்தான் விஷயமே வருகிறது. வெளியே போய்ப் பார்த்தவர்களை அங்கேயே இருக்க விடக் கூடாது, கீழே இறங்கி ஆட்சிப் பொறுப்பை ஏற்கவைக்க வேண்டும். அரசியல் தத்துவத் தொடரில் இந்தக் குகை இடம்பெறுவதே அந்த இறக்கத்துக்காகத்தான். நீங்கள் கேட்ட உரையில் இதைச் சொல்லாமல் விட்டிருக்க வாய்ப்பு குறைவு. நிழலும் சூரியனும் கண்ணுக்குள் படமாக நின்றன, இறங்கும் கடமை வாதமாக இருந்ததால் நழுவியது. (கல்வி என்பது குருட்டுக் கண்ணில் பார்வையைக் கொண்டுபோய் வைப்பது போன்றது அல்ல என்று பிளேட்டோ சொல்வது 518-ல். இயர்போன் பிரியர்கள் படிக்க வேண்டிய பக்கம்.)

எல்லாப் பாடமும் காதுக்கு ஒரே அளவு ஒத்துவராது. நிகழ்ச்சி வரலாறு நன்றாக ஒத்துவரும், காலவரிசையே ஆணி மாதிரி நின்று மற்றதைத் தாங்கும். இசை வரலாறு அதைவிடப் பொருத்தம், பாடப்பொருளே ஒலி. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதி எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உரைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை கேட்டு, அந்த நான்கு சுரம் எங்கெல்லாம் ஒளிந்து வருகிறது என்று எண்ணினால் அந்தப் பாடம் முடிந்தது. தத்துவ வரலாறு பாதிக்குப் பாதி: யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது காதில் நிற்கும், பதிலின் உள்கட்டு நிற்காது. முறைப்படியான தர்க்கத்தை ஆடியோவில் தொடவே தொடாதீர்கள். கலை வரலாறும் அப்படியே, படமில்லாமல் ஓவியத்தைப் பற்றிக் கேட்டு என்ன செய்ய? கவிதைக்கு ஒரே நிபந்தனை, கவிதை தாளில் முன்னால் இருக்க வேண்டும். இலக்கியக் கோட்பாடு நீங்கள் எடுத்த மூன்றிலும் கடினமானது. யேல் பல்கலைக்கழகத்தில் பால் ஃப்ரை எடுத்த 26 உரைத் தொடரில், பழுதான காரை இழுத்துப் போகும் ஒரு சின்ன லாரியைப் பற்றிய குழந்தைக் கதையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோட்பாடும் அதை எப்படி வாசிக்கும் என்று காட்டுவார். அந்தச் சில வரிகளைப் படித்து வைத்திருப்பவருக்கு அது கொண்டாட்டம். படிக்காதவருக்கு மனிதர் ஏன் திரும்பத் திரும்ப லாரி லாரி என்கிறார் என்றே விளங்காது.

தொடர் தேர்வுக்கு வருவோம். மூன்று வகை கிடைக்கிறது. ஒன்று வகுப்பறைப் பதிவு: யேலின் திறந்த பாடங்கள் 2007 டிசம்பரில் தொடங்கின, இலவசம், உரைக்கு உரை ஆடியோவும் முழு எழுத்து வடிவமும் உண்டு, பாடத்துக்குப் பாடம் படிக்க வேண்டியவற்றின் பட்டியலும் உண்டு. ஓர் உரை 45 முதல் 75 நிமிடம் வரை ஓடும். இரண்டாவது கேட்பவருக்கென்றே ஸ்டூடியோவில் செய்தது: 1990-ல் தொடங்கிய ‘கிரேட் கோர்சஸ்’ இந்த ரகம், பெரும்பாலும் அரை மணி நேர உரைகள், கூடவே வழிகாட்டிக் கையேடு, காசு கொடுத்து வாங்க வேண்டும். மூன்றாவது பாட்காஸ்ட்: பீட்டர் ஆடம்சன் 2010-ல் பண்டைய கிரேக்கத் தத்துவவாதி தேலீஸிலிருந்து ஆரம்பித்து, இடைவெளி விடாமல் தத்துவ வரலாற்றைச் சொல்லிவருகிறார். பெரும்பாலும் இருபது நிமிடத்தை ஒட்டிய பகுதிகள், 400-க்கும் மேல் வந்துவிட்டன. தனியாகப் படிப்பவருக்கு, எழுத்து வடிவம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முதல் வகையையே சொல்வேன். போகவரும் நேரம் துண்டுதுண்டாகக் கிடைத்தால் மூன்றாவது. எதுவானாலும் முதல் உரையை வைத்து முடிவு செய்யாதீர்கள், வகுப்பறைப் பதிவுகளில் அதில் பாதி தேர்வு, மதிப்பெண் பற்றிய அறிவிப்பாகப் போகும். நான்காவது உரையில் கால் மணி நேரம் கேளுங்கள். ‘இதோ பலகையில் பாருங்கள்’ என்று அடிக்கடி வந்தால் அது ஆடியோவுக்கு ஆகாது. எந்த ஆண்டு பதிவானது என்பதையும் பாருங்கள். ஹோமருக்கு 15 ஆண்டு பெரிய விஷயமில்லை, தொல்லியலைச் சார்ந்த வரலாற்றுக்கு விஷயம்தான். ஒரே சமயத்தில் ஒரு தொடர் மட்டும். 15 தொடர்களைப் பதிவிறக்கி வைப்பது படிப்பதுபோல ஒரு நிறைவைத் தரும், அவ்வளவே. அறிமுகத் தொடர்களையே வரிசையாகக் கேட்பதும் ஒரு பொறி: மூன்றாவது அறிமுகம் சுலபமாகப் புரிவது அது பழக்கமான குரலாகிவிட்டதால், விஷயம் உங்கள் கைவசம் வந்துவிட்டதால் அல்ல.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அச்சில் படிக்கும்போது மறுக்கத் தோன்றும் விஷயம் நல்ல குரலில் வந்தால் தலையாட்டத் தோன்றும். இந்தத் துறைகளில் முக்கியமான கேள்விகளில் பலவற்றுக்கு ஒரே பதில் கிடையாது. ஏதென்ஸின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவில் கிளப்பிய அச்சமும்தான் பெலப்பனீசியப் போரின் உண்மைக் காரணம் என்கிறார் அந்தக் காலத்திலேயே அதன் வரலாற்றை எழுதிய தூசிடிடீஸ், தன் நூலின் முதல் புத்தகத்தின் 23-ம் அத்தியாயத்தில். யேலின் கிரேக்க வரலாற்றுத் தொடரை எடுத்த டொனால்ட் கேகன், அந்தப் போர் தவிர்க்க முடியாதது இல்லை, மனிதர்களின் தவறான முடிவுகளால் வந்தது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். அவருடைய குரலில் கேட்டால் அதுவே வரலாறு என்று தோன்றும். பலர் அதை ஏற்பதில்லை. ஆகவே ஒரு தொடருக்கு ஒரு தடவையாவது, உரையாளரின் முடிவுக்கு எதிர்த்தரப்பாக நின்று 300 சொல் எழுதுங்கள். ஆடியோவால் தர முடியாத பயிற்சியும் இதுதான். ஒரு பத்தியை வரி வரியாகப் பிரித்து வாசிப்பது, எழுதுவது, எழுதியதை இன்னொருவர் கிழித்துப் போடுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்தத் துறைகளில் பயிற்சி. இரண்டு வருடம் ஒழுங்காகக் கேட்டால் நல்ல வாசகர் ஆகலாம், எந்தப் புத்தகத்தை எதற்காக எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எழுதித் திருத்தம் வாங்காமல் அதற்கு மேல் போக முடியாது.

கேட்டு முடித்த 74-ஐ என்ன செய்வது என்றால், மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். மூன்று தொடர்களின் உரைத் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கு எதிரேயும், எதையும் பார்க்காமல், நினைவுக்கு வருவதை ஒரு வரியில் எழுதுங்கள், வராவிட்டால் கோடு போட்டுவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஏதோ இருக்கும். உங்கள் ஆர்வம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதற்கு நண்பர்களின் பரிந்துரையைவிட அந்தத் தாள் நல்ல சாட்சி. அதில் நாலை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த நாலுக்குமான மூலப் பகுதியைப் படியுங்கள். பிறகு அந்த நாலு உரைகளை மட்டும், எழுத்து வடிவத்தை முன்னால் வைத்து, 1.0 வேகத்தில் மறுபடி கேளுங்கள். வாரம் இரண்டு என்று வைத்தால் பதினைந்து நாள் வேலை. இலக்கியக் கோட்பாட்டை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். பிளேட்டோ அந்த நாலில் இல்லாவிட்டாலும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், குகைக்குள் ஏற்கெனவே ஒரு கால் வைத்துவிட்டீர்கள்.